தங்கச்சியின் பாக்கிச் சுற்றுகள்

வருஷத் திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையில் இந்தப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்ட சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் எல்லோருக்கும் வணக்கம். என் தங்கையைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு எழுத்து வராது, உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நான் பேசுகிறேன். என் பேத்தி நிவேதா அதைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு புத்தகத் தமிழில் எழுதுகிறாள். என் பேச்சு அச்சில் வரப்போகிறது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துக்கப் புத்தகத்தில் என்ன சந்தோஷம் என்று கேட்காதீர்கள். அவள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் சிரித்திருப்பாள்.

ஆரம்பத்திலேயே எங்களுக்குள் சண்டை. நிவேதா 'சின்னப் பாட்டி அவர்கள்' என்று எழுதி வைத்திருந்தாள்.

"யாருடி அது, அவர்கள்?"

"நினைவு மலர்ல அப்படித்தான் போடணும் பாட்டி."

"நான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச புள்ளடி அவ. அவளுக்குப் போயி அவர்களா? அவள்னே போடு."

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு விடியற்காலையில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கிழக்கே இருந்து சக்கரச் சத்தம் வந்தது. தார் ரோட்டில் சின்னச் சக்கரங்கள் உருளும் சத்தம். என் முன்னால் வந்தது, என்னைத் தாண்டியது, மேற்கே போய் மூலையில் திரும்பியது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் தெளித்த தண்ணீரில் ஒரு கோடுகூட விழவில்லை. செம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். பயமில்லை. 'வந்துட்டியாடி' என்றுதான் வாயில் வந்தது.

நிவேதாவிடம் சொன்னேன். "அது ட்ராலி பேக் பாட்டி. காலைல ரயில்ல வந்து இறங்குறவங்க லாட்ஜுக்கு இழுத்துட்டுப் போவாங்க" என்றாள்.

"பேக்கு மூலைல திரும்பும்போது என்ன பண்ணும்?"

"ஸ்லோவா திரும்பும்."

"இது மூலைல வேகமெடுக்குது."

நிவேதா மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து வாசலில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

என் தங்கை தெற்கு அடையவளஞ்சான் வீதியில், இதே வீட்டில் பிறந்தாள். நான் மூத்தவள், அவள் கடைசி. நடுவில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் அம்மா இவளைத் தரையில் விடமாட்டாள், விட்டால் என் இடுப்பில்தான் விடுவாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததும் இவளைப் பார்த்துக்கொள்ளத்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. படித்திருந்தால் வாத்தியாரம்மா ஆகியிருப்பேன், இவ்வளவு பேச விஷயம் கிடைத்திருக்காது.

அப்பா தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மா பூக்கடைகளுக்குச் சரம் கட்டிக் கொடுப்பாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கிரீஸ் வாசனை, ஒரு பக்கம் மல்லிகை வாசனை. வந்தவர்கள் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புவது என்று திண்டாடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் ஒருவர் இருந்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய ஸ்கேட்டிங் ஷூ ஒரு ஜோடி அவரிடம் இருந்தது. இரும்புத் தகட்டில் நாலு சக்கரம், மேலே தோல் வார். துருப்பிடித்து ஒன்றுக்கும் உதவாமல் கிடந்ததை, "எங்கப்பா சைக்கிள் கடை டீச்சர், சரி பண்ணிடுவாரு" என்று இவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பா அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பேரிங்கை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "எவ்வளவு சின்னதா இருக்கு பாரேன்!" என்று குழந்தை மாதிரி எல்லோருக்கும் காட்டினார். கடைக்கு வந்தவர் பங்க்சர் ஒட்டாமல் காத்துக்கொண்டிருந்தார்.

அவள் அதைக் காலில் கட்டிக்கொண்டு எழுந்ததும் அம்மா வந்துவிட்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"தெருவுலதாம்மா. ஒரே ஒரு ரவுண்டு."

"இந்தத் தெரு கோயிலச் சுத்தித்தானே போகுது? போறதுன்னா வலமா போ. இடமா சுத்துறது செத்தவங்களுக்குப் பண்றது. என் வீட்டுல போனது போதும்."

இரண்டு பிள்ளைகளை இழந்தவள் சொல்கிறாள். யார் மறுத்துப் பேசுவது? அன்றிலிருந்து விடியற்காலையில் அவள் வலமாகவே சுற்றினாள். தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு. கோபுரங்கள் எப்போதும் அவளுக்கு வலது கைப்பக்கம். வாசலுக்கு வாசல் கோலம். வளைந்து வளைந்து, கோலம் அழியாமல் போகக் கற்றுக்கொண்டாள். எப்போதாவது ஒரு புள்ளி அழிந்துவிட்டால் போச்சு.

"ஏ புள்ள! நான் குனிஞ்சு போட்டது உன் ரயிலு போறதுக்கா?"

"அடுத்த தடவை தண்டவாளமே போட்டு வைங்கக்கா, அது மேலயே போயிடறேன்!"

இப்படி வாய் பேசிக்கொண்டே மூலை திரும்பியிருப்பாள். திட்டினவளும் சிரித்துக்கொண்டுதான் புள்ளியைச் சரிசெய்வாள்.

டீச்சர் அவளை மெட்ராஸில் ஒரு போட்டிக்கு அழைத்துப் போனார். இவ்வளவு வேகமாகப் போகிற பெண் ஜெயித்துவிட்டுத்தான் வருவாள் என்று நாங்கள் ரவா கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தோம். முழங்கை, முழங்கால் எல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். நேர்க்கோட்டில் எல்லோருக்கும் முன்னால் போனாளாம். வளைவு வந்ததும் மற்றவர்கள் எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்களாம். அந்த விளையாட்டில் உலகம் முழுக்க அப்படித்தானாம், எப்போதும் இடமாகத்தான் சுற்றுவார்களாம். இவள் கால் பின்னிக்கொண்டு விழுந்தாள்.

"ஏம்மா, நீ எந்தப் பக்கம் பழகின?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"கோயில் பக்கம் டீச்சர்."

கட்டு அவிழ்வதற்கு முன்பே அப்பாவும் அவளும் இடமாகச் சுற்ற இடம் தேடக் கிளம்பிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். திருவானைக்காவல் போனால் அங்கே நடுவில் சிவன் இருக்கிறார். மலைக்கோட்டையைச் சுற்றலாம் என்றால் உச்சியில் பிள்ளையார் உட்கார்ந்து பார்க்கிறார். சரி, தில்லை நகர்தான் புது ஊர் மாதிரி, அங்கே குறுக்குத் தெருவில் ஒரு சதுரத்தைச் சுற்றிவிடலாம் என்று போனார்கள். சுற்றப்போகும் நேரத்தில் பார்த்தால் ஒரு வீட்டு மதில் மூலையில் சின்னதாக ஒரு பிள்ளையார். "இந்த ஊர்ல எதைச் சுத்தினாலும் நடுவுல யாராவது ஒருத்தர் உக்காந்திருக்காரும்மா" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

கடைசியில் அந்தத் தில்லை நகரிலேயே ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, சாப்பாட்டுக் கூடம் காலி. வாட்ச்மேன் அப்பாவின் பழைய சைக்கிள் வாடிக்கைக்காரர். பந்தி பெஞ்சுகளை நடுவில் குவித்துவிட்டு, சுற்றிலும் மொசைக் தரையில் அவளை விட்டார்கள். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சுவரில் இன்னும் சாம்பார் வாசனை. அவள் ஒரு காலை இன்னொரு காலுக்கு மேல் தூக்கி வைத்துத் தரையை உதைத்தாள். வளைவு வந்தால் நாம் நிதானிப்போம், சக்கரம் கட்டியவர்கள் வளைவில்தான் வேகமெடுப்பார்கள். அதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் இடமாகச் சுற்றுகிறாளே.

"அப்பா, அம்மா சொன்னது..."

"நடுவுல பெஞ்சுதானம்மா இருக்கு. சாமியா இருக்கு? பெஞ்சுக்கு இடமென்ன, வலமென்ன?" என்று சிரித்தார்.

அந்த ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார். ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், பம்பைப் பிடித்தபடியே சாய்ந்தார். கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய்விட்டு வந்தவர்கள், குடம் தூக்கி இடமாகச் சுற்றியதைப் பற்றி வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கு எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள் மண்டபத்து வாட்ச்மேன் துக்கம் கேட்க வந்தார். நல்ல மனுஷர். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பேசினார்.

"அண்ணனுக்கு இந்தப் பாப்பா மேல உசுரும்மா. எங்க மண்டபத்துல அது சுத்துறத நீங்க பாத்திருக்கணுமே! காத்து மாதிரி சுத்தும்."

அம்மா தலையைத் தூக்கினாள். "எந்தப் பக்கமா?"

அவர் கள்ளம் கபடம் இல்லாமல் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். இடமாக. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் தங்கை ஷூவை அப்பாவின் சட்டை மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டாள். வீட்டில் மூன்று பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூக்கட்டினோம். சில நாள் காற்றில் அந்தச் சக்கரம் தானாகச் சுற்றும். 'க்ர்ர்' என்று ஒரு சத்தம். மூவரும் கையை நிறுத்துவோம். நின்றதும் மறுபடி கட்டுவோம்.

வருஷம் திரும்பியது. டீச்சர் வீடு தேடி வந்தார். இந்தியா சார்பாகப் பெண்களை அனுப்புகிறார்கள், கொரியாவில் போட்டி, தேர்வுக்கு இவளைக் கூட்டிப்போக வேண்டும் என்றார். இவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அம்மா பூச்சரத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"கூட்டிட்டுப் போங்க. ஏய், இங்க வா. அங்க எத்தன சுத்து இடமா சுத்துறியோ, வந்து அத்தனையும் இங்க கோயிலச் சுத்தி வலமா சுத்திடு. நூல தப்பாச் சுத்துனா பிரிச்சுட்டா ஆச்சு. புரியுதா?"

என் தங்கை அன்றைக்குத்தான் அப்பா போனதற்கு வாய்விட்டு அழுதாள்.

அதன் பிறகு அவள் கொரியா போனாள், இத்தாலி போனாள், தைவான் போனாள். சம்பளம் தருகிற விளையாட்டு இல்லை அது. இன்சூரன்ஸ் ஆபீசில் டைப் அடித்து, லீவு கெஞ்சி வாங்கி, பெட்டியில் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் வைத்துக்கொண்டு போவாள். முதல் தடவை கடைசிக்கு முந்தின இடம். "எனக்குப் பின்னால ஒருத்தி இருந்தாக்கா! அவளுக்குக் கால் சுளுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ஊர்ப் பெண்கள் கால் ஒவ்வொன்றும் நம் வீட்டு உரல் மாதிரி இருக்குமாம். நான் இதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்த மறுநாளே விடியற்காலையில் கிளம்பிவிடுவாள். போட்டியில் சுற்றியது மட்டுமா? பழகியது எல்லாமே கணக்கு. அங்கே ஒரு சுற்று என்பது நம் தெற்கு வீதியின் பாதிகூட வராது. இங்கே ஒரு சுற்றுக்கு நாலு வீதி.

"அநியாயம்டி இது. அது குட்டிச் சுத்து, இது தேர்ச் சுத்து. நீளத்துக்கு நீளம் கழிச்சுக்கயேன்."

"அம்மா நீளம்னா சொன்னாங்க? சுத்துன்னுதான சொன்னாங்க."

அப்படிச் சுற்றிச் சுற்றியே அவளுக்கு மூச்சு நீண்டது. சின்ன ஓட்டத்தில் பின்தங்குகிறவள், நீண்ட ஓட்டத்தில் யாருக்கும் சளைக்காதவளாக ஆனாள். டீச்சர் ஆச்சரியப்பட்டுப் போனார். காரணம் எங்கள் மூவருக்கும்தான் தெரியும்.

தைவானில் நடந்ததை நூறு தடவை கேட்டிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். நீண்ட ஓட்டம். நடுவில் சிலர் மோதி விழுந்து ஒரே குழப்பம். முன்னால் போன பெண்கள் இதுதான் கடைசிச் சுற்று என்று நினைத்து, உயிரைக் கொடுத்து ஓடி, கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததாம். என் தங்கை மட்டும் நிறுத்தவில்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு சுற்றும் கணக்கில் இருக்கிறதே, ஊருக்கு வந்து திருப்பிச் சுற்ற வேண்டுமே! நின்றவர்களுக்கு நடுவே புகுந்து போனாள். சுதாரித்துக்கொண்டு இரண்டு பேர்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. மூன்றாவது இடம். கழுத்தில் பதக்கத்தோடு வந்து இறங்கியவள், அதைக் கழற்றி அம்மா கழுத்தில் போட்டு, "உங்க கணக்குலதாம்மா வாங்கினேன்" என்றாள். அம்மா அதோடேயே பூக்கட்டினாள்.

பல வருஷம் கழித்து அம்மா படுக்கையில் கிடந்தபோது அவளைக் கூப்பிட்டாள்.

"போதும்டி. சுத்துனது போதும், விட்டுடு. நான் ஒண்ணும் சாஸ்திரம் பாத்துச் சொல்லல. நீ அந்த ஆணியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. உன்னையும் பறிகொடுத்துடுவேனோன்னு வாய்க்கு வந்தத சொன்னேன்."

என் தங்கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா" என்றாள். ஆனால் மறுநாளும் சக்கரச் சத்தம் கேட்டது. ஏண்டி என்று கேட்டேன்.

"உனக்கும் அம்மாவுக்கும் அந்தப் பயம் விட்டுப்போச்சு. எனக்கு விடலயேக்கா. கண்ண மூடினா அப்பா அந்த மண்டபத்துல பெஞ்சுக்குப் பக்கத்துல நின்னு கை தட்டிட்டே இருக்காரு."

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் பிள்ளைகளுக்குச் சித்தியாக, பேரப் பிள்ளைகளுக்குச் சின்னப் பாட்டியாக இந்த வீட்டிலேயே இருந்தாள். போட்டிகளை நிறுத்திய பிறகும் பாக்கியை விடவில்லை. தலை நரைத்த பிறகும் சக்கரம் கட்டிக்கொண்டு போனாள். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். முட்டி கெட்டதும் நடந்தாள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மேற்கு மூலை வரை போய் உட்கார்ந்து, நிவேதாவின் வண்டியில் மிச்சத்தை முடித்தாள்.

கடைசி நாட்களில் தில்லை நகர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூக்கில் குழாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தெருக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையை அழுத்தினாள்.

"பாக்கி இருக்குக்கா இன்னும்."

"எவ்வளவுடி?"

"நீ கணக்குல வீக்கு. சொன்னா பயந்துடுவ."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குள்ளும் ஒரு கேலி.

எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அவள் எதிலும் குறித்து வைக்கவில்லை, மனதிலேயே வைத்திருந்தாள். அதனால்தான் வருகிறாள். நான் நன்றாகக் கவனித்துவிட்டேன், சத்தம் எப்போதும் கிழக்கே இருந்து வந்து மேற்கேதான் போகிறது. வலமாகத்தான் சுற்றுகிறாள்.

நன்றி சொல்ல வேண்டும். ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், அவளுக்குத் தலைவாரிவிட்ட நர்ஸ் பெண்ணுக்கும், கடைசிக் காரியங்களில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் கும்பிடு. டீச்சருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. அப்படியும் வந்து, படத்தின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். வாட்ச்மேன் இப்போது இல்லை, பதினாறாம் நாளுக்கு அவர் மகன் வந்து பந்தி பரிமாறினான். அவர் அன்றைக்கு விரலைச் சுழற்றிக் காட்டியதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இதை அவன் வீட்டில் சொல்லட்டும்.

எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். ஊருக்குக் கிளம்பும் முன் அவளுக்காக ஒரு சுற்று போங்கள். நடந்து போகலாம், வண்டியில் போகலாம், முடியாதவர்கள் ஆட்டோவில் போகலாம். கோயில் வலது கைப்பக்கம் இருந்தால் போதும். பாக்கி கொஞ்சமாவது குறையட்டும்.

இதைச் சொன்னதும் நிவேதா போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"எல்லாம் தீந்துட்டா அப்புறம் அந்தச் சத்தம் வராதே பாட்டி?"

எனக்குத் தெரியாதா? அதைத்தான் நாள் முழுக்க யோசித்தேன். அவள் கால் ஓய வேண்டும், அதுதான் நியாயம். இவ்வளவு வருஷம் சுற்றியிருக்கிறாள், போதும். அதனால் நீங்கள் தயங்காமல் சுற்றுங்கள். எங்கள் வீட்டில் என் பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு சுற்று போய்விட்டு வந்தார்கள். நான் மட்டும்தான் பாக்கி. எனக்காக நேற்று ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டிரைவர் தம்பி கை கொடுத்து ஏற்ற வந்தார்.

"வாங்க பெரியம்மா, மெதுவா ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்."

"இன்னிக்கு வேணாம்ப்பா. முட்டி சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முட்டி நன்றாகத்தான் இருந்தது.